கசோண்டே செய்துகொண்ட வைத்தியங்கள்

கசோண்டே பந்துக்காக எழும்பினால் எதிரணிப் பெண்கள் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்பார்கள். அப்படி ஓர் உயரம், அப்படி ஒரு கை. ஆப்பிரிக்கச் செம்புச் சுரங்கப் பகுதியிலுள்ள ண்டோலா நகராட்சி ஊழியர்களின் நெட்பால் அணியில் அவள் தடுப்பாட்டக்காரி. முட்டாலே என்கிற நான் அவளுக்கு முன்னால் ஆடுவேன். அலுவலகத்திலும் தண்ணீர்க் கட்டணப் பிரிவில் எங்களுக்கு ஒரே மேசை.

அவளுக்கு நாலாவதாகப் பிறந்தது எடை மிகுந்த பிள்ளை. ஆயுதம் போட்டு இழுத்துத்தான் எடுத்தார்கள். அது நடக்கத் தொடங்கிய பிறகு கசோண்டே மைதானத்துக்குத் திரும்பினாள். ஆனால் குதிக்கவில்லை. தலைக்கு மேலே போகும் பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிட்வே அணியோடு நடந்த ஆட்டத்தில் பழைய ஆசை வந்துவிட்டது போலிருக்கிறது, ஒருமுறை எழும்பிப் பந்தைப் பிடித்தாள். இறங்கியதும் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கணுக்கால் பிசகிவிட்டதென்று ஓடினேன். தொடை வழியாகக் காலுறை வரை ஈரம். என் சித்தெங்கே துணியை அவள் இடுப்பில் சுற்றி வெளியே கூட்டிப்போனேன்.

கழிப்பறைச் சுவரோரம் நின்று சொன்னாள்: "கணுக்கால் எல்லாம் ஒண்ணுமில்ல முட்டாலே. தும்முனா வருது, சிரிச்சா வருது. அடியில ஏதோ இறங்கி வர்ற மாதிரி கனமா இருக்கு."

"வீட்டுக்காரர்ட்ட சொன்னியா?"

அவள் முகம் மாறிவிட்டது. அப்போதுதான் மற்ற விஷயமும் வெளியே வந்தது.

அவள் கணவன் பெம்ப்யா லாரி ஓட்டுகிறவன். செம்பு ஏற்றிக்கொண்டு தார் எஸ் சலாம் துறைமுகம் வரை போய்த் திரும்புவான். போன தடவை வந்தபோது, படுக்கையிலிருந்து பாதியில் எழுந்து உட்கார்ந்து, வழக்கம்போலப் பிள்ளையின் பெயரால் அவளைக் கூப்பிட்டுச் சொன்னானாம்: "சிட்டாலு அம்மா, நாலு பெத்ததுல நீ கல்யாண மண்டபம் மாதிரி ஆயிட்ட. உள்ள நின்னு கூப்பிட்டா எதிரொலிதான் வரும்போல."

"நீ என்ன சொன்ன?"

"சிரிச்சேன். என்ன சொல்றதுன்னு தெரியல, சிரிச்சேன். சிரிச்சதுல படுக்கை நனைஞ்சுபோச்சு."

இந்த விஷயம் பெம்ப்யாவின் தங்கை ஃபீபி காதுக்கு எப்படியோ போய்விட்டது. சந்தையில் துணி விற்கிறவள், கெட்டவள் இல்லை. ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்து நின்றாள். "அண்ணி, வெக்கப்படாதீங்க. இந்தத் தெருவுல யாரு இதை உள்ள வெச்சு இறுக்கிக்காம இருக்கா? ஒரு சிட்டிகை போதும். எங்கண்ணன் சரக்கைப் பாதி வழியில இறக்கிட்டு வீட்டுக்கு ஓடி வருவாரு பாருங்க."

என்ன பொடியென்று கேட்டால் வேர் என்றாள், கல் என்றாள். கசோண்டே உள்ளே வைத்துக்கொண்டாள். முதலில் சுருக்கென்றது, பிறகு வறண்டு இழுத்தது. பெம்ப்யா வந்த வார இறுதியில் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். அப்போதும் அவனுக்கு ஒன்றும் சரியாக நடக்கவில்லை. "தங்கச்சி குடுத்த பொடி போட்டும் மாறலையே" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். திங்கட்கிழமை அவளால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. பாவாடையில் ரத்தம் பட்டிருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு வா" என்றேன்.

"அங்க போய் எதைக் காட்டச் சொல்ற?" என்று சண்டைக்கு வந்தாள். பதிலுக்குக் கைப்பேசியை நீட்டினாள். நகரத்து அழகு நிலையம் ஒன்றின் விளம்பரம். லேசர் ஒளியால் உள்தளர்ச்சி நீங்கி இளமை திரும்புமாம்.

சரி என்று அங்கேயும் போனோம். வெள்ளைக் கோட்டுப் பெண் குளிர்ந்த தண்ணீர் கொடுத்துச் சிரித்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த மாதிரி ஆயிடுவீங்க மேடம்."

"மூத்திரம் போறது நிக்குமா?" கசோண்டே கேட்டாள்.

"நெறைய கஸ்டமர்ஸ் சந்தோஷமா இருக்காங்க மேடம்."

"நான் கேட்டது அதில்லையே."

"உள்ளே புண் இருக்கு, அதுக்கு மேலேயும் இந்த லேசர் வைப்பீங்களா?" என்று நான் கேட்டேன். அந்தப் பெண் யாரையோ கூப்பிடப் போனாள். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் மருத்துவர் புண்ணைப் பார்த்து மருந்து எழுதினார். ஆறும்வரை கணவன் பக்கத்தில் வரக்கூடாது, பொடி இனிமேல் கூடவே கூடாது என்று சொல்லி, ஆறியதும் உடற்பயிற்சி சிகிச்சை தரும் நம்பேயே அம்மாவைப் பார்க்கச் சொன்னார். புண் ஆறிய பிறகு போனபோது அந்த அம்மா கையுறை போட்டுப் பரிசோதித்துக்கொண்டே பேசினார்.

"காத்துப் பிரியாம அடக்குவோம்ல, அந்த மாதிரி உள்ளுக்கு இழும்மா. மூச்சைப் பிடிக்காத. பின்பக்கத்தை இறுக்காத. ம், இருக்கு. பலமில்லாம இருக்கு, ஆனா இருக்கு."

"பூரா விரிஞ்சுபோச்சுன்னாங்களே?"

"யாரு அளந்து பாத்தது? பிள்ளை வர்ற வழி விரியும், திரும்பவும் கூடும். கீழ தாங்கிப் பிடிக்கிற தசைதான் உனக்குச் சோர்ந்து கிடக்கு. கர்ப்பப்பை கொஞ்சம் இறங்கியிருக்கு. மொதல்ல பயிற்சி. தினமும், மாசக்கணக்குல. கனம் தெரியாம இருக்க, கர்ப்பப்பையைத் தாங்குற மாதிரி உள்ள ஒரு வளையம் வெச்சுவிடலாம். அதுலயும் ஆகலைன்னா, இனி பிள்ளை வேணாம்னு முடிவு பண்ணின பிறகு ஆபரேஷன் பத்திப் பேசுவோம்."

"அந்த லேசர்?"

"அதால குணமாகும்னு இன்னும் உறுதியா யாராலும் சொல்ல முடியல. சுட்டுக்கிட்டு வந்தவங்களை நான் பாத்திருக்கேன்." கையுறையைக் கழற்றிவிட்டு, சாதாரணமாகக் கேட்டார். "வீட்டுக்காரருக்கு உடம்பு எப்படி? சர்க்கரை, ரத்த அழுத்தம் ஏதாவது?"

"தெரியாதும்மா. லாரி ஓட்டுறாரு. எப்பவும் தண்ணி குடிச்சிக்கிட்டே இருப்பாரு. வண்டியை நிறுத்தி நிறுத்தி ஒதுங்குவாரு."

"அவருக்கு முழுசா எழும்புதா?"

கசோண்டே எழுந்து துணியைச் சரிசெய்துகொண்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் மினிபஸ் சன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது மட்டும் சொன்னாள்: "ரெண்டு வருஷமாவே அவருக்குச் சரியா இல்ல முட்டாலே. அதுக்கும் நான்தான் காரணம்னு நெனச்சேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை, ன்ஷிமா என்கிற சோளக் களியும் மீனும் வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல்தான் சொல்லியிருக்கிறாள். "சிட்டாலு அப்பா, எனக்குத் தசை பலமில்ல, அது உண்மை. நான் வைத்தியம் பாத்துக்கிறேன். நீங்களும் ஒரு தடவை சர்க்கரை பாத்துக்குங்க."

அவன் தட்டைத் தள்ளினான். "ஓட்டையா நிக்கிறவ நீ. இப்போ என்னை ஆம்பளையில்லன்னு ஊர்ல சொல்லப் போறியா?" பையை எடுத்துக்கொண்டு ஃபீபி வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் ஃபீபி எங்கள் அலுவலகத்துக்கே வந்து, கட்டணம் கட்ட வந்தவர்கள் எதிரில், "எங்கண்ணனுக்கு நோய்ப் பட்டம் கட்டுறியா?" என்று கத்தினாள். கசோண்டே எழுந்து நின்று, "வெளியே போ ஃபீபி" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மேசைமேல் தலையை வைத்து அழுதாள். நான் கதவைச் சாத்தினேன்.

மாதங்கள் போயின. பெம்ப்யா துறைமுகத்திலிருந்து வந்தால் தங்கை வீட்டில் தங்கினான். பிள்ளைகள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். கசோண்டே பயிற்சியை விடவில்லை. யாராவது தண்ணீர்க் கட்டணத்துக்காக எங்களைத் திட்டும்போதெல்லாம் அவள் முகம் அமைதியாகிவிடும். "இப்போ இழுக்கிறியா?" என்று கேட்பேன். "ஆமா, அந்தாளு இன்னும் ரெண்டு நிமிஷம் திட்டட்டும்" என்பாள். வளையம் வைத்த பிறகு கனம் குறைந்தது. தும்மல் வந்தால் நனைவது அபூர்வமாயிற்று. ஓடினால் மட்டும் இன்னும் கொஞ்சம் வரத்தான் செய்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பேயே அம்மா ஒருபோதும் சொல்லவில்லை.

மழைக்காலத் தொடக்கத்தில் பெம்ப்யாவிடமிருந்து போன் வந்தது. டுண்டுமா எல்லைச் சாவடியில் லாரி வரிசையில் நிற்கும்போது மயங்கி விழுந்திருக்கிறான். காலில் ஒரு புண் வேறு, ஆறவே இல்லையாம். விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை எக்கச்சக்கம்.

வீட்டுக்கு வந்தவன் கதவருகிலேயே நின்றான். மெலிந்துபோயிருந்தான்.

"நீ சொன்னது..." என்று ஆரம்பித்தான்.

"உக்காருங்க. காலைக் காட்டுங்க."

"அந்த இன்னொண்ணு, அதுவும் இதனாலதானா?"

"இருக்கலாம்னு சொன்னாங்க. ஆம்பளைங்களைப் பாக்கற டாக்டரும் அங்கேயே இருக்காரு."

"நீயும் வர்றியா?"

போனாள். சர்க்கரை நோயாளிகள் வரிசையில் ஒரே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். நடுவில் அவளுடைய கைப்பை இருந்தது. அவன் மன்னிப்புக் கேட்டானா என்று பிற்பாடு கேட்டேன்.

"இன்னும் இல்ல. பிள்ளைங்க அறையிலதான் படுத்துக்கிறேன்" என்றாள் கசோண்டே. "மாத்திரை வேளைக்கு எடுத்துக் குடுக்கிறேன். மத்ததுக்கு எனக்கு இன்னும் மனசு வரலை. எப்ப வரும்னும் தெரியல."