எட்டு நிறத்துக்கு அடியில்

முதுகில் "சமூகத்துக்கு ஒரு நாள்" என்று அச்சடித்த பனியன்களோடு நாற்பது ஊழியர்கள் பள்ளிக்கூட வாசலில் கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கினார்கள். சுவர், கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடிப்பது ஏற்பாடு. வருடத்துக்கு இருபது மணி நேரம் சேவை செய்யாதவருக்குப் பதவி உயர்வு கிடையாது என்று கம்பெனி அறிவித்த நாளிலிருந்து அத்தனை பேருக்கும் மனசு இளகிப்போயிருந்தது.

கம்பெனி எலக்ட்ரீஷியனுக்கு ஐந்து மணி நேரம்தான் பாக்கி. பதினாறு வருடம் காத்திருந்த சூப்பர்வைசர் பதவி இன்றோடு உறுதி. ஆனால் எதையும் நோண்டிப் பார்க்காவிட்டால் அவருக்குக் கை அரிக்கும்.

வகுப்பறை புழுங்கியது. ஜன்னலைத் தள்ளினார், அசையவில்லை.

"துருப் பிடிச்சிருக்கா டீச்சர்?"

"பெயிண்ட்டு தம்பி," என்றார் தலைமையாசிரியை. "வந்த புண்ணியவானெல்லாம் சந்து பொந்து விடாம அடிச்சிருக்காங்க."

ஸ்க்ரூடிரைவரால் சட்டத்தின் ஓரத்தைச் சுரண்டினார். மஞ்சளுக்கு அடியில் நீலம், அதற்கு அடியில் பச்சை.

"வேண்டாம்னு சொல்றதுதானே?"

"ஜன்னல் திறந்தா போதும்னேன். 'என்ன கலர் வேணும்?'னு கேட்டாங்க."

மனிதவள மேலாளர் போட்டோகிராபரோடு வந்து நின்றார். "என்னண்ணே, அடிக்கச் சொன்னா உரிக்கிறீங்க?"

"காத்து வரட்டும் சார்."

"காத்து போட்டோல விழாதுண்ணே." கையிலிருந்த படிவத்தைப் புரட்டினார். "பெயிண்ட் அடித்தல், பேனர் பிடித்தல், மரம் நடுதல். உரிக்கிறதுக்குக் கட்டமே இல்ல. பிரஷ் எடுத்தா அஞ்சு மணி நேரம், சூப்பர்வைசர் பதவி. இல்லன்னா பூஜ்யம்."

எலக்ட்ரீஷியனின் கை பிரஷ்ஷை நோக்கித்தான் போனது. கண்தான் கேட்கவில்லை. பச்சைக்கு அடியில் என்ன?

சிவப்பு. பிறகு சாம்பல். எட்டாவது நிறத்தைத் தாண்டியபோது பேருந்து ஹாரன் அடித்தது. தோளால் ஒரு தள்ளு. பெயிண்ட் பிளந்து ஜன்னல் திறந்தது. மேஜையிலிருந்த விடைத்தாள்கள் அறை முழுக்கப் பறந்தன. எட்டு நிறத்துக்கும் அடியில் இருந்தது வார்னிஷ் மங்காத தேக்கு. அதற்குப் பெயிண்ட்டே தேவைப்பட்டிருக்காது.

பேருந்து கிளம்பிவிட்டது.

"உங்க பதவி?" என்றார் தலைமையாசிரியை, தாள்களைப் பொறுக்கியபடி.

"போச்சு. பதினாறோட பதினேழு." சட்டத்தைத் தடவிப் பார்த்தார். "அடுத்த கம்பெனி எப்ப வருது?"

"சனிக்கிழமை. ரோஸ் கலராம்."

"வந்தா, திறந்து வச்சுட்டு அடிக்கச் சொல்லுங்க."

ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து ஜன்னலும் தேக்குதானா என்று பார்க்கப் போனார்.