மையவாடியில் மீன்கள்

மையவாடியில் கபருக்காக முழங்கால் ஆழம் குழி தோண்டியிருந்த கமீஸ், மண்வெட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் மண்ணைத் துழாவினான். நீலமும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கற்கள். அவற்றால் பதித்த ஒரு மீனின் கண் தெரிந்தது. அண்ணாந்து மொங்கியைப் பார்த்தான்.

கொஞ்சம் தள்ளி, ஆலிவ் மரத்தடியில், சந்தூக்குப் பெட்டியில் ஷெத்லியா கிடந்தாள். விடியற்காலையில் மூச்சு நின்றிருந்தது. ஆறு வயதில் காய்ச்சலில் போன மகன் நூரியின் கபருக்குப் பக்கத்தில், தனக்கென்று ஓர் ஆள் இடத்தை முப்பத்தொரு வருஷம் காத்துவந்தவள். வெள்ளிக்கிழமைகளில் அங்கே உட்கார்ந்துதான் மகனிடம் வீட்டுக்கதை பேசுவாள்.

"பார்க்காத மாதிரி தோண்டுடா," என்றார் ஷெத்லியாவின் கணவர் மொங்கி.

"இதை உடைச்சாத்தான் கீழே இறங்க முடியும் காக்கா."

அதற்குள் யாரோ போன் போட்டுவிட்டார்கள். தொல்பொருள் அலுவலகத்திலிருந்து ஒல்ஃபா என்ற பெண் வந்தாள். முதலில் துக்கம் விசாரித்தாள். பிறகு மண்டியிட்டுக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தாள். ரோமர் காலத்து வீட்டுத் தரை, இங்கே இனி மண்வெட்டி படக்கூடாது, சட்டம் என்றாள்.

"என் பொண்டாட்டி இந்த இடத்தைத் தவிர என்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல மகளே."

"நான் கண்ணை மூடிக்கலாம் சாச்சா. இத்தனை பேர் போட்டோ எடுத்துட்டாங்களே."

உண்மைதான். சந்தூக்கைத் தூக்க வந்தவர்கள் எல்லாரும் குழியைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் மீன்களை எண்ணினார். மரத்தடியில் இமாம் மட்டும் இருந்தார். மொங்கியும் எட்டிப் பார்த்தார். நேற்றுத்தான் கழுவிவிட்டது போலிருந்தது தரை. அழகாக இருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

நேரமாகிறது என்று இமாம் தோளைத் தொட்டார்.

மையவாடியின் கடைசிச் சுவரோரம் அவசரமாக வேறு குழி வெட்டினார்கள். மொங்கியே உள்ளே இறங்கி அவளை வாங்கி, கிப்லா பக்கம் முகம் திருப்பிக் கிடத்தினார். நூரி எந்தப் பக்கம் என்று குழிக்குள் நின்ற அவருக்குப் பிடிபடவில்லை.

எல்லாரும் கைகொடுத்துப் போன பிறகு மகனிடம் திரும்பி நடந்தார். இரும்புக் கம்பிகள் நட்டு, சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தார்கள். நூரியின் கபரும் அதற்குள்தான் இருந்தது. காவலுக்கு நின்றவன் என்ன வேலை என்று கேட்டான். சொன்னார். அவன் ஒரு கையால் நாடாவைத் தூக்கிப் பிடித்தான்.

"பார்த்துக் கால் வைங்க பெரியவரே. ஓரமெல்லாம் சரியுது. ரொம்ப நேரம் நிக்காதீங்க."

மொங்கி குனிந்தார். முதுகு அவ்வளவு வளையவில்லை. அவன் நாடாவை இன்னும் கொஞ்சம் உயர்த்தினான்.