விஷ்போன் அறிக்கை

பவதாரணிக்கு அமெரிக்கன் ஃபுட்பால் மேல் எந்த ஆசையும் இருந்ததில்லை. டெக்ஸாஸில் வேக்கோவுக்கு மேற்கே சீடர் ஃபோர்க் என்ற சின்னக் கல்லூரியில் புள்ளியியல் மாஸ்டர்ஸுக்கு இடம் கிடைத்தபோது, ஃபீஸ் கட்டாமல் படிக்க ஒரு உதவி வேலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த வேலை விளையாட்டுத் துறையில் இருந்தது. 1997 ஆகஸ்டில் ஸ்டேடியத்துக்கு அடியில் இருந்த ஜன்னலில்லாத வீடியோ அறையில் போய் உட்கார்ந்தாள்.

வேலை எளிது, ஆனால் முடிவில்லாதது. ஆட்டத்தின் டேப்பை ஓடவிட வேண்டும். ஒவ்வொரு ப்ளேக்கும், அதாவது பந்தை முன்னே கொண்டுபோகும் ஒவ்வொரு முயற்சிக்கும், கம்ப்யூட்டரில் ஒரு வரி எழுத வேண்டும்: அணி எப்படி வரிசைகட்டி நின்றது, எத்தனை யார்டு தேவைப்பட்டது, எத்தனை கிடைத்தது. முதல் மாதம் யார் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்பதே தெரியவில்லை. மூன்றாவது மாதம், பந்து கைமாறுவதற்கு முன்பே என்ன நடக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

தலைமைப் பயிற்சியாளர் கோல்மன் பத்தொன்பது வருடமாக ஒரே அணிவகுப்பைத்தான் ஆடிவந்தார். அதற்குப் பெயர் விஷ்போன். பந்தை ஆட்டுவிக்கும் குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் மூன்று ஓட்டக்காரர்கள் நிற்பார்கள். மேலேயிருந்து பார்த்தால் கவட்டை மாதிரி இருக்கும். பந்தை வீசுவது அபூர்வம். கையில் வைத்துக்கொண்டே ஓட்டம்தான். எதிரணியில் ஒருவனை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிடுவார்கள். அவன் யார் மேல் பாய்கிறானோ, பந்து அந்த ஆளிடம் இருக்காது. அவன் தானாகவே ஏமாறிவிடுவதால், அவனைத் தடுக்க வேண்டிய ஆள் இவர்களுக்கு மிச்சம்.

அந்த வருடங்களில் டெக்ஸாஸில் பலரும் வேறொன்றைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்ப்ரெட். குவார்ட்டர்பேக் ஐந்து யார்டு பின்னால் நிற்பான். நான்கு பேர் மைதானத்தின் அகலம் முழுக்கப் பரவி நிற்பார்கள். பந்து காற்றில் போகும். பார்க்க அழகு. கோல்மனும் அதைக் கொஞ்சம் பழக்கி வைத்திருந்தார், வேறு வழியில்லாத நேரத்துக்கு.

கோல்மனுக்கும் அவளுக்கும் நல்லுறவு என்று சொல்ல முடியாது. ஒருமுறை, தடுப்பாட்டக்காரர்களின் கால் எப்படி நகர்கிறது என்று பார்க்க மைதான ஓரத்தில் நிற்கலாமா என்று கேட்டாள்.

"வீடியோப் பொண்ணுக்கு வீடியோ அறை இருக்கு" என்றார் அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

1998இல் அணி மூன்று ஆட்டங்களில் வென்று ஏழில் தோற்றது. நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலல் விடுமுறைக்கு முந்திய திங்கட்கிழமை, விளையாட்டுத் துறை இயக்குநர் ரெய்னர் அவளைக் கூப்பிட்டார். மிருதுவாகப் பேசும் மனிதர்.

"கோல்மன் பிடிவாதக்காரர். அவரை வச்சுக்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்ண டிசம்பர்ல விளையாட்டுக் கமிட்டி கூடுது. விஷ்போனையும் ஸ்ப்ரெட்டையும் ஒப்பிட்டு எனக்கு ஒரு அறிக்கை வேணும். ரெண்டு பக்கம் போதும். உங்க கையெழுத்தோட."

அவள் வருவதற்கு முந்திய வருடத்து டேப்புகளையும் பார்த்து எழுதியிருந்ததால், மூன்று சீசன்களில் இரண்டாயிரத்து நாற்பத்தாறு ப்ளேக்கள் அவளிடம் இருந்தன. பிற்பகலுக்குள் முதல் அட்டவணை வந்துவிட்டது. விஷ்போனில் ஒரு ப்ளேக்குச் சராசரி 4.7 யார்டு. ஸ்ப்ரெட்டில் 6.3. ரெய்னர் அதைப் பார்த்துவிட்டு மேசையை விரலால் தட்டினார். "இதுதான். இதுக்கு மேல எதுவும் வேணாம்."

மறுநாள் காலை அச்செடுப்பதற்கு முன், பழக்கதோஷத்தில் ஸ்ப்ரெட் ப்ளேக்களை மட்டும் டேப்பில் வரிசையாக ஓடவிட்டாள். பத்துப் பன்னிரண்டு ஓடியதும் நிறுத்தினாள். பின்னணியில் தெரிந்த ஸ்கோர்போர்டு எல்லாவற்றிலும் ஒரே கதையைச் சொன்னது. கடைசியான நாலாவது குவார்ட்டர், சீடர் ஃபோர்க் இரண்டு டச்டவுன், அதாவது பதினான்கு புள்ளி, பின்னால். எதிரணிக்காரர்கள் பதினைந்து யார்டு தள்ளி நின்று, சின்னச் சின்ன வீச்சுகளைப் போனால் போகட்டும் என்று விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கடிகாரம் ஓடினால் போதும். அந்த யார்டுகள் வென்றெடுத்தவை அல்ல, தானமாக வந்தவை.

அவள் எல்லாவற்றையும் ஸ்கோர் வாரியாகப் பிரித்து மீண்டும் கணக்கிட்டாள். ஆட்டம் நெருக்கமாக இருந்தபோது விஷ்போன் 5.2. ஸ்ப்ரெட் 3.4. காரணமும் டேப்பிலேயே இருந்தது. முன்வரிசைப் பையன்கள் எடை குறைந்தவர்கள். ஸ்ப்ரெட்டில் பின்வாங்கியபடியே பாய்ந்துவரும் எதிராளியை மூன்று வினாடி தாங்கிப் பிடிக்க அவர்களால் முடியவில்லை. குவார்ட்டர்பேக் வீசியதில் நூற்றுக்கு நாற்பத்தொன்றுதான் சேர வேண்டிய கைக்குச் சேர்ந்தது. விஷ்போனில் அவர்கள் யாரையும் தாங்க வேண்டியதில்லை, முன்னால் பாய்ந்தால் போதும். ஏழு தோல்விகளுக்கும் பெரிய காரணம் தாக்குதல் பாணியே அல்ல. தடுப்பாட்டம் ஒரு ஆட்டத்துக்கு முப்பத்தொரு புள்ளிகளை விட்டுக்கொடுத்திருந்தது.

அறிக்கை இரண்டு பக்கத்திலிருந்து பதினொன்றானது. ஒன்பதாம் பக்கத்தில் கோல்மனின் தவறையும் எழுதினாள். பத்துப் புள்ளிக்கு மேல் பின்தங்கி, நாலாவது குவார்ட்டரும் வந்த பிறகு, பத்தில் ஆறு தடவை அவர் இன்னும் விஷ்போனையே ஆடினார். எதிராளி தானம் கொடுக்கக் கை நீட்டுகிறான், இவர் வாங்க மறுக்கிறார்.

ரெய்னர் புரட்டிப் பார்த்துவிட்டு, 4.7, 6.3 என்ற அந்த முதல் அட்டவணை இருந்த முதல் பக்கத்தை மட்டும் உருவி எடுத்தார்.

"இது மட்டும் போதும். இதில ஒரு எண்ணும் பொய் இல்லையே?"

"இல்லை. ஆனா நீங்க ஒப்பிடச் சொன்னீங்க. இது ஒப்பீடு இல்லை."

"வசந்தகால செமஸ்டருக்கான உங்க உதவி வேலைப் பாரம் என் மேசையிலதான் இருக்கு" என்று அவர் புன்னகையோடு சொன்னார். "ரெண்டிலயும் ஒரே நாள் கையெழுத்துப் போட்டிடலாம்."

அவள் மற்றப் பத்துப் பக்கங்களையும் பொறுக்கி அடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

கணவன் பிரணவன் வேக்கோவில் ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்தான். இருவரும் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர். அன்று மாலை சமையலறை மேசையில் அவன் பத்துப் பக்கங்களையும் வாசித்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றினான்.

"தாரணி, அந்த மனிசன் பொய் எழுதச் சொல்லேல்லையே. உம்மட நம்பரைத்தானே கேக்கிறார். சைன் பண்ணிக் குடுத்திட்டு டிகிரியை முடியுமன்."

"ஏலாது."

"கோல்மன் உமக்கு என்ன மாமனோ மச்சானோ? உம்மைப் பக்கத்தில நிக்கவே விடாத ஆள்."

"அவருக்காக ஆர் செய்யிறது? இஞ்ச பாருங்கோ. உங்கட ஹொஸ்பிட்டல்ல ஐசியூ டொக்டரிட்ட நிறையப் பேர் சாகினம். ஓபிடி டொக்டரிட்ட ஒருத்தரும் சாகிறேல்லை. இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்தில பக்கத்தில போட்டு, ஐசியூ டொக்டரை வீட்டை அனுப்புங்கோ எண்டு ஒரு ரிப்போட் வந்தால், நீங்கள் சைன் வைப்பியளோ?"

பிரணவன் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டினான்.

"அது உயிர் விசயம். இது பந்து."

"எனக்கு இது என்ர வேலை. ரெண்டாயிரம் தரம் பாத்து எழுதினது நான். அவர் ஒரு தரமும் பாக்கேல்லை."

"ஃபீஸுக்கு என்ன செய்யிறது?"

"தெரியாது."

அவன் எழுந்து போய்விட்டான். இரண்டு நாள் இருவரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அவன், கமிட்டி எப்போது கூடுகிறது என்று கேட்டான். செவ்வாய் பத்து மணி என்றாள். "ஒன்பதரைக்குக் கொண்டுபோய் விடுறன். நான் சொன்னால் கேக்கிற ஆளே நீர்?" என்றான்.

செவ்வாய்க்கிழமை காலை, பதினைந்து பிரதிகளோடும் ஒரு டேப்போடும் நூலகத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறினாள். யாரும் அவளை அழைத்திருக்கவில்லை. நடைபாதையில் ஒரு நாற்காலியில் கோல்மன் உட்கார்ந்திருந்தார். அறுபத்தொரு வயது. வெளியே காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். தொப்பி மடியில் இருந்தது.

"நீயும் என் மேல மண் அள்ளிப் போட வந்தியா?" என்றார்.

அவள் ஒரு பிரதியை அவர் கையில் வைத்தாள். "ஒன்பதாம் பக்கம் உங்களுக்குப் பிடிக்காது" என்றுவிட்டுக் கதவைத் திறந்தாள்.

உள்ளே நீள மேசையைச் சுற்றிப் பதினொரு பேர். ரெய்னர் பாதி எழுந்தார். "இது மூடிய கூட்டம், மேடம்."

"அறிக்கையை நான் எழுதினேன். நீங்க அவங்களுக்குக் கொடுத்திருக்கிறது அதுல ஒரு பக்கம். அதுல என் கையெழுத்து இல்லை. ஏன் இல்லைன்னு சொல்ல வந்தேன்."

தலைமையில் இருந்தவர் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், ஒரு பெண்மணி. ரெய்னரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐந்து நிமிடம்" என்றார்.

பவதாரணி மூலையில் இருந்த டிவிக்குப் போனாள். டேப்பை மெஷினில் தள்ள இரண்டு முயற்சி தேவைப்பட்டது. அக்டோபர் ஆட்டம் ஒன்று. பன்னிரண்டு யார்டு கிடைத்த அழகான வீச்சு. படத்தை உறைய வைத்தாள்.

"பந்தைப் பார்க்காதீங்க. ஸ்கோர்போர்டைப் பாருங்க. அப்புறம் எதிரணிக்காரங்க எங்க நிக்கிறாங்கன்னு பாருங்க."

அடுத்தது. அதற்கடுத்தது. ஐந்தாவதில் யாரோ ஒருவர் "ம்" என்றார். அவள் பக்கத்தைப் புரட்டச் சொல்லி, நெருக்கமான ஆட்டங்களின் எண்களைக் காட்டினாள். கோடியில் இருந்த அகலமான மனிதர், இதே கல்லூரிக்கு ஆடியவர், மோதிர விரலால் தாளைத் தட்டினார்.

"நீ எப்பவாவது இந்த ஆட்டம் ஆடியிருக்கியா?"

"இல்லை. ஆனா இந்த அணியோட ஒவ்வொரு ப்ளேயையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கேன். ரெண்டாயிரத்து நாற்பத்தாறு. நீங்க எத்தனை பார்த்தீங்க?"

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். அகலமான மனிதர் சிவந்துபோனார். அவளும்தான்.

ஐந்து நிமிடம் இருபதானது. அவளை அனுப்பிவிட்டு வாக்கெடுத்தார்கள். ஏழுக்கு நான்கு. கோல்மன் வெளியே; ஸ்ப்ரெட் உள்ளே. கோல்மனுக்கு விழுந்த அந்த நான்கு வாக்குகளில் ஒன்று அகலமான மனிதருடையது என்று பின்னால் கேள்விப்பட்டாள்.

ரெய்னர் அவளுடைய பாரத்தில் கையெழுத்துப் போடவில்லை. அது போதாதென்று, அந்த டேப்புகளும் எண்களும் தம் துறையின் சொத்து, ஆய்வுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று புள்ளியியல் துறைக்கு ஒரு கடிதமும் அனுப்பினார். அவள் வேக்கோவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் அல்ஜீப்ரா கற்பித்து, செமஸ்டருக்கு ஒரு பாடமாகப் படித்தாள். 1999 செப்டம்பர் வந்ததும் ஒவ்வொரு சனிக்கிழமையும் டிக்கெட் வாங்கி, ஸ்டேடியத்தின் மேல் வரிசையில் பென்சிலோடு போய் உட்கார்ந்தாள். எண்கள் அவர்கள் சொத்து என்றால் சரி, புதிதாக எழுதிக்கொள்கிறேன் என்றாள் தன் பேராசிரியரிடம். கண்ணால் பார்ப்பதை யாரும் பூட்டிவைக்க முடியாது. ஓர் ஆட்டத்தில் ரெய்னர் கீழேயிருந்து அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் பைனாகுலரை அவர் பக்கம் திருப்பி, ஒரு கணம் வைத்திருந்து, மறுபடி மைதானத்துக்குத் திருப்பினாள்.

அந்த வருடம் ஸ்ப்ரெட் அணி ஆறு ஆட்டங்களில் வென்றது.

"பாத்தீரோ? ரெய்னர் சொன்னது சரியாப் போச்சு" என்றான் பிரணவன்.

"முன்வரிசையில அஞ்சு பேரும் புதுப் பெடியள். ஒவ்வொருத்தரும் கதவு மாதிரி. குவார்ட்டர்பேக்கும் புதுசு, நூறு எறிஞ்சால் அறுபத்திமூண்டு போய்ச் சேருது. இந்த டீமுக்கு ஸ்ப்ரெட்தான் சரி. நான் எழுதினது அந்த டீமைப் பற்றி."

"அப்ப இதை ஆருக்குச் சொல்லப்போறீர்?"

"அதே பதினொரு பேருக்கும்தான்."

சொன்னபடியே எழுதினாள். நான்கு பக்கம். இந்த அணிக்கு ஸ்ப்ரெட் பொருந்துகிறது, பழைய அணிக்குப் பொருந்தியிருக்காது, இரண்டுக்கும் காரணம் இவை. இந்த முறை அடியில் கையெழுத்து இருந்தது. கமிட்டியில் யாரும் பதில் போடவில்லை. அதையே பெருக்கி ஆய்வேடாக்கினாள். நிலைமை பார்த்து ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்த வழியின் பலனை எப்படி ஒப்பிடுவது என்பது பொருள். 2000 மே மாதம் பட்டம் கிடைத்தது.

ஜூனில் ஒரு சனிக்கிழமை பகல், ஃபோன் அடித்தது. கோல்மன். அவர் இப்போது நூறு மைல் மேற்கே ஒரு ஊரில் உயர்நிலைப் பள்ளி அணிக்குப் பயிற்சியாளர்.

"ஒன்பதாம் பக்கத்தை ஆறு தடவை படிச்சிட்டேன்" என்றார், வணக்கம்கூடச் சொல்லாமல். "தப்பு."

"எந்த வரி?"

"ஃபோன்ல எப்படிக் காட்டுறது? டேப் இங்க இருக்கு."

அடுத்த சனிக்கிழமை அவள் ஓட்டிப் போனாள். பள்ளி ஜிம்முக்குப் பக்கத்து அறையில், மேசை மேல் அவளுடைய அறிக்கை ஓரம் மடிந்து, காப்பிக் கறையோடு, சிவப்புப் பேனா அடிக்கோடுகளோடு கிடந்தது. அவர் டேப்பைப் போட்டு, பதினான்கு புள்ளி பின்னால் நின்றும் விஷ்போனிலேயே ஓடி ஜெயித்த ஒரு பழைய ஆட்டத்தைக் காட்டினார்.

"இதுக்கு என்ன சொல்றே?"

"ஒரு ஆட்டம்" என்றாள் அவள். "மத்ததெல்லாம் எங்க?"

அவர் அலமாரியைத் திறந்தார். அலமாரி நிறைய டேப்புகள். பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை பார்த்தார்கள். அவர் இரண்டு முறை மேசையைக் குத்தினார். அவள் ஒருமுறை அவர் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கி ரீவைண்ட் பண்ணினாள். சத்தம் கேட்டு ஜிம்மில் கூட்டிக்கொண்டிருந்த ஆள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கிளம்பும்போது இருவரில் ஒருவரும் ஒரு யார்டுகூட விட்டுக்கொடுத்திருக்கவில்லை.

"இன்னும் பதினெட்டு டேப் இருக்கு" என்றார் கோல்மன்.

"அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கே வர்றேன்" என்றாள் பவதாரணி.