எடை பார்த்துக் கொடுத்த மருந்து

ராயபுரம் கல்மண்டபத்தை ஒட்டிய சந்தில் ஜெபசிங் வைத்திருக்கும் மருந்துக் கடையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் கூட்டம் சேரும். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் கிளப்பிய புழுதி கண்ணாடிப் பெட்டியின் மேல் படிந்திருக்கும். அதைத் துடைத்துக்கொண்டே வந்தவர்களின் நோயை விசாரிப்பார். வறட்டு இருமலா, சளியோடு வருகிறதா? வயிற்றுப்போக்கு எத்தனை தடவை? கேட்டு முடிப்பதற்குள் கை தானாக அலமாரிக்குப் போய்விடும். டாக்டர் சீட்டோடு வருகிறவர்களைவிட வெறுங்கையோடு வருகிறவர்கள்தான் அந்தக் கடையில் அதிகம்.

திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து அவர் இங்கே வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. சந்து முழுக்க அவரை 'டாக்டர் அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடும். முதலில் கேலியாக வைத்த பேர்தான். போகப் போக அதிலிருந்த கேலி கழன்றுவிட்டது. தான் படித்தது பார்மசி டிப்ளமோ மட்டும்தான் என்பது ஜெபசிங்குக்கே அவ்வப்போது மறந்துபோகும். நல்ல மனிதர், அதில் சந்தேகமே வேண்டாம். இல்லாதவர்களிடம் காசு கேட்க மாட்டார். கைக்குழந்தைகளை எடை பார்க்கவென்றே சொந்தச் செலவில் ஒரு தராசு வாங்கிக் கடையில் வைத்திருந்தார். குழந்தைக்கு வயதைப் பார்த்து மருந்து கொடுக்கக் கூடாது, எடையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று தாய்மார்களுக்கு வாய் ஓயாமல் பாடம் நடத்துவார். நல்ல பாடம்தான். ஆனால் அந்தப் பாடம்தான் ஒரு உயிரைக் கொன்றது.

அந்த வெள்ளிக்கிழமை கார்குழலி வந்தபோது அவள் நெஞ்சோடு அணைத்திருந்த துணிப்பைக்குள்ளிருந்து உறுமல் சத்தம் கேட்டது. கார்குழலி திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டரில் பதிவு போடும் வேலை பார்ப்பவள். புருஷனை விட்டு வந்து மூன்று வருடமாக ஹவுசிங் போர்டு வீட்டில் தனியாக இருக்கிறாள். தனியாக என்று யாராவது சொன்னால் மட்டும் அவளுக்குக் கோபம் வந்துவிடும். "நானும் தொரையும் கீறோம்" என்பாள். துரை அவளுடைய பூனை. யார்டில் காலி கன்டெய்னருக்குள் கத்திக்கொண்டிருந்த குட்டியைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொண்டு வந்தாள். வந்த மறுநாளே அது கட்டிலைப் பிடித்துக்கொண்டு அவளைப் பாய்க்கு அனுப்பிவிட்டது. அந்தத் தோரணைக்கு வேறென்ன பேர் வைப்பது?

"அண்ணாச்சி, வேப்பேரி மாட்டாஸ்பத்திரி காலீல எத்தினி மணிக்கு தொறப்பாங்கோ, தெரியுமா?" என்று கேட்டாள்.

"யாருக்கும்மா?"

"தொரைக்குத்தான். ரெண்டு நாளா துன்ன மாட்டேங்குது. கட்டிலு கீய பூந்துகினு வெளிய வர மாட்டேங்குது. நான் வூட்டுக்கு வந்தா காலயே சுத்திகினு கெடக்கும், இப்போ முதுவுல கை வச்சா சீறுது. மூலையில ஒண்ணுக்கு வேற போயி வச்சிகீது. பக்கத்து வூட்ல கொயுப்புன்றாங்கோ. எனுக்கு இன்னாவோ பயமா கீது அண்ணாச்சி."

ஜெபசிங் பையைத் திறந்து பூனையின் காதைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது. அவ்வளவுதான், நோய் அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

"காய்ச்சல்லா அடிக்கு! இதுக்குப் போயி லீவு போட்டு, ஆட்டோ புடிச்சு வேப்பேரிக்கு ஓடணுமாக்கும்? இதுவும் ஒரு கைப்பிள்ள மாதிரிதான். கொண்டா இங்க."

பையோடு தராசில் வைத்தார். பையின் எடையைக் கழித்தார். நாலு கிலோ நூறு கிராம். ஒரு மாதக் குழந்தையின் எடை. அந்த எடைக்குப் பாரசிட்டமால் சொட்டு மருந்து எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கடையில் நின்ற நாலைந்து பேரும் வேடிக்கை பார்த்தார்கள். "நாளிக்கி எங்க வூட்டு கோயிய இட்டாறேன் அண்ணாச்சி, கொஞ்சம் பாத்துடு" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். ஜெபசிங்கும் சேர்ந்து சிரித்தார்.

பூனைக்கு இதைக் கொடுக்கலாமா என்ற கேள்வி அவர் மனதில் எழவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு நொடி எழுந்தது. பூனையைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை எப்படிச் சொல்வது?

"ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா, இந்தக் கோடு வரைக்கும் எடுத்து வாயில விடு. ரெண்டே நாள்ல குதிக்கும் பாரு" என்றார். காசு வாங்கிக்கொள்ளவில்லை. மாதக் கடைசியில் யார்டில் லீவு கேட்டால் சூப்பர்வைசர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். அந்தத் தொல்லை விட்டது என்று கார்குழலி பெருமூச்சு விட்டாள். அன்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் ஜெபசிங் பூனைக்கு வைத்தியம் பார்த்த கதையைச் சொல்லித் தீர்த்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கார்குழலியிடமிருந்து போன் வந்தது. வேலைக்குப் போகவில்லை போலிருக்கிறது.

"அண்ணாச்சி, வாயிலேந்து எச்சியா ஊத்துது. மூச்சு வேற வேகமா வுடுது. நீ சொன்ன மேரியே நேத்து சாயங்காலம், நைட்டு, காலீலன்னு மூணுதபா குட்த்துட்டேன். நான் வேப்பேரிக்கே இட்டுகினு போய்டட்டா?"

"தெரியலம்மா, உடனே கூட்டிட்டுப் போ" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதற்கு அவருக்கு வாய் வரவில்லை.

"மருந்து கசப்புல்லா, அதான் எச்சி வடியுது. காய்ச்சல் எறங்கையில மூச்சு அப்படித்தான் வாங்கும். இன்னொரு வேளை குடு. மத்தியானம் நானே வந்து பாக்கேன்" என்றார். போனை வைத்த பிறகு நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது. அதற்குள் யாரோ வந்து ஜெலுசில் கேட்டார்கள்.

பன்னிரண்டு மணிக்கு அவர் போனபோது கார்குழலி கதவைத் திறந்து வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் கிடந்தது துரைதானா என்றே ஜெபசிங்குக்குச் சந்தேகமாகிவிட்டது. முகம் பன்னு மாதிரி உப்பி, கண் இரண்டும் கோடாகியிருந்தன. முன்னங்கால் பாதங்களும் வீங்கியிருந்தன. வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தது. இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. கார்குழலி அழவில்லை. "சொன்னா மேரியே நாலாவதுதபாவும் குட்த்தேன் அண்ணாச்சி" என்றாள். அவர் வெளியே ஓடி ஆட்டோவை நிறுத்தினார்.

பேசின் பாலத்தில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. வழி நெடுக அவள் பூனையின் காதருகே "தொர, தொர" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். வேப்பேரியில் பெண் மருத்துவர் ஒருவர் ஈறைப் பார்த்த மாத்திரத்தில், "என்ன மருந்து குடுத்தீங்க?" என்று கேட்டார். கார்குழலி திரும்பி ஜெபசிங்கைப் பார்த்தாள்.

"பாரசிட்டமால் சொட்டு மருந்து" என்றார் ஜெபசிங். "எடை பாத்துத்தான் குடுத்தேன் டாக்டர். கணக்குக்கு மேல ஒரு சொட்டு குடுக்கல."

மருத்துவரின் கைகள் ஊசியும் ஆக்சிஜன் குழாயுமாக ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தன. "உங்க கணக்கு சரியாவே இருக்கட்டும் சார். பூனைக்கு அந்த மருந்தே ஆகாது. நம்ம ஈரல் அதை முறிச்சு வெளியேத்திடும். பூனையோட ஈரலுக்கு அந்தச் சக்தி கிடையாது. ரத்தமே கெட்டுப்போயிடும், மூச்சு இழுத்தாலும் உடம்புக்குச் சேராது. முதல் வேளை குடுத்ததும் கொண்டு வந்திருந்தாகூட மாத்து மருந்து போட்டுக் காப்பாத்தப் பார்த்திருக்கலாம்."

பிறகு வால் பக்கத்து முடியை விலக்கிக் காட்டினார். அங்கே எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி இருந்தது. வேறு ஏதோ பூனை கடித்து உள்ளே சீழ் வைத்திருக்கிறது, வலி தாங்காமல்தான் ஒளிந்துகொண்டிருக்கிறது, தொட்டபோது சீறியிருக்கிறது என்றார். கீறிவிட்டு ஊசி போட்டிருந்தால் ஒரு வாரத்தில் ஓடியாடியிருக்குமாம். இவ்வளவுதான் துரையின் நோய். இதற்குத்தான் அந்தப் பிராணி இத்தனை சித்திரவதை பட்டது.

மூன்று மணி சுமாருக்குத் துரை ஒரு தடவை தலையைத் தூக்கிக் கார்குழலி பக்கம் நகரப் பார்த்தது. முடியவில்லை. அப்படியே அடங்கிவிட்டது.

திரும்பும்போது துப்பட்டாவில் சுற்றிய பூனையை அவள் மடியில் வைத்திருந்தாள். ஆட்டோ ராயபுரத்துக்குள் நுழைந்தது. அப்புறம் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அது சொல்லிச்சு அண்ணாச்சி. வாயில்லன்னாலும் ஒளிஞ்சிகினு சொல்லிச்சு, சீறி சொல்லிச்சு. எனுக்கும் புரிஞ்சிது. வேப்பேரிக்குப் போவத்தானே உன்கிட்ட நேரம் கேட்டேன்? தெரியாதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லிகீலாம்."

அவ்வளவுதான் அவள் சொன்னது. தெருவில் யாரிடமும் அவள் வாயைத் திறக்கவில்லை. ஜெபசிங்கும் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒருவர், "என்ன அண்ணாச்சி, பூனை டாக்டரும் ஆயிட்டியாமே? பூனை தேறிடுச்சா?" என்று கேட்டபோது "ம்" என்று தலையாட்டிவிட்டு நகர்ந்தார். வெட்கக்கேடுதான். செய்த தப்பைவிட அதை மூடி வைப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். காசிமேட்டில் மீன் விற்கும் அடைக்கலமேரி அவர்களை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அண்ணாச்சி, சொட்டு வுடுற டியூப்பு ஒண்ணு குடு. எங்க பூனைக்கி மூடியில ஊத்துனா பாதிய துப்பிடுது."

ஜெபசிங்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னத்த ஊத்துன?"

"நீ கார்குழலி பூனைக்கி குட்த்தியே, அதே காய்ச்சல் மருந்துதான். எங்க அக்கா புள்ளைக்கி வாங்குனது வூட்ல கீது. நேத்துலேந்து பூன துன்னாம சுருண்டுகினு கெடக்கு. நீ குட்த்து அது தேறிகிச்சுன்னு ஊரே சொல்லுது. இப்பத்தான் அர மூடி வுட்டுட்டு வரேன்."

ஜெபசிங் கடை வாசலின் மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தார். ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டு அவள் தோளைப் பிடித்தார்.

"அடைக்கலம், ஓடு. பூனைய எடுத்துக்கிட்டு ஓடி வா. ஆட்டோவ நான் நிறுத்துதேன். அந்த மருந்து பூனைக்கு விஷம். கார்குழலி பூனை தேறல, சனிக்கிழமையே செத்துப்போச்சு. நான்தான் கொன்னேன்."

அடைக்கலமேரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். ஜெபசிங் சந்து முனையில் வந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி வைத்தார். கடையில் நின்ற ஒரு பெரியவர், "உடு அண்ணாச்சி, பூனைதானே? அதுக்கு ஏன் இவ்ளோ பேஜாரு?" என்றார்.

"பூனைதானேன்னு நெனச்சுதான் நானும் குடுத்தேன்" என்றார் ஜெபசிங். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கவில்லை. "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. வளக்கிற உசுரு திங்கலன்னா, ஒளிஞ்சுக்கிட்டா, தொட்டா சீறுச்சுன்னா கொழுப்புன்னு சொல்லாதீங்க, அது நோவு. மனுஷ மருந்து ஒரு சொட்டுகூட வாயில விடாதீங்க. அதுக்குப் படிச்ச டாக்டர்கிட்ட கொண்டு போங்க. உங்க பிள்ளைகளுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன், இனிமே சீட்டு இல்லாம எங்கிட்ட வந்து வைத்தியம் கேக்காதீங்க. தெரியாதுன்னு சொன்னா என் மானம் போயிரும்னு நெனச்சேன். என் மானத்தக் காப்பாத்த ஒரு உசுரு செத்துப்போச்சு."