ஆட்சி கலைந்த வாரம்

ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள் என்ற செய்தி வடபாதிக்குடிக்கு வந்தபோது நீலாம்பாள் தாளடி நெல் அறுப்பில் குனிந்திருந்தாள். வரப்பில் ஓடி வந்து சொன்னவள் பக்கத்து வீட்டு ராசம்மாள். கூத்தாநல்லூர் கடைத்தெருவில் ரேடியோவில் சொன்னார்களாம். மெட்ராசில் மந்திரிகள் யாரும் இல்லையாம், இனிமேல் கவர்னர் ஆட்சியாம். அரிவாளைக் கீழே போட்டுவிட்டு நீலாம்பாள் ஒன்றைத்தான் கேட்டாள்.

“எங்க வூட்டு ஆளு எங்கக்கா?”

அவள் புருஷன் மருதையன் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். எமர்ஜென்சி நேரம்; ஆட்சி போனால் சங்கத்து ஆட்களைத்தான் முதலில் பிடிப்பார்கள். விடியலில் சங்க வேலையாகக் கிளம்பிப் போனவன் அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போலீஸ் ஜீப்தான் வந்தது. வீட்டுக்குள் புகுந்து அடுக்குப்பானைகளை உருட்டிப் பார்த்தார்கள், கொல்லையில் வைக்கோல் போரைக் கம்பால் குத்தினார்கள். அந்தக் கம்பு ஒவ்வொரு தடவை உள்ளே போனபோதும் நீலாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள். போரில் அவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மூடிக்கொண்டாள்.

ஜீப் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் நாகநாதன் வந்தான். மிராசுதார் பஞ்சநதத்தின் காரியக்காரன். தெருவின் நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

“உங்களுக்கு மனை குடுத்த ஆட்சி போயிடுச்சு. அவங்க குடுத்த மனையும் அதோட போச்சு. வெள்ளிக்கிழமை டிராக்டர் வரும். அதுக்குள்ள மரியாதையா காலி பண்ணிடுங்க.”

அந்தத் தெருவில் இருந்த குடிசைகள் எல்லாம் மிராசுதாரின் நிலத்தில் தலைமுறையாக நின்றவை. நாலைந்து வருஷத்துக்கு முன்னால்தான், குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்து, தெருவுக்குப் பட்டா கிடைத்தது. அன்றைக்கு மருதையன் குடித்துவிட்டு வந்தவனைப் போல ஆடிக்கொண்டு வந்தான். “யாரு காலுலயும் வுழுந்து வாங்குனதில்லடி, சட்டம்!” என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

நாகநாதன் போன கையோடு ராசம்மாள் வீட்டில் கீற்றைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

“டிராக்டர் ஏறுனா ஒரு மூங்கில் கூட மிஞ்சாது. வாய்க்கா கரையில போயி குடிச போட்டுக்குவோம். நீயும் பிரிச்சுடு நீலா. ஆம்பள இல்லாத வீடு” என்றாள் ராசம்மாள்.

நீலாம்பாளும் பானைகளைக் கூடையில் அடுக்கினாள். பாதியில் கை நின்றுவிட்டது. மந்திரி போனால் மந்திரி போட்ட சட்டமும் போய்விடுமா? அது அவளுக்குத் தெரியாது. தெருவில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவன் எங்கே கிடக்கிறான் என்றும் தெரியவில்லை. சட்டமும் போய்விட்டது என்றால் கிளம்பிவிடலாம். ஆனால் கேட்காமல் கிளம்ப அவளுக்கு மனசு வரவில்லை.

வியாழக்கிழமை காலையில் மன்னார்குடி பஸ் ஏறினாள். வழியில் பஸ்ஸை நிறுத்தி ஒரு போலீஸ்காரர் ஏறினார். ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே வந்து அவளிடம் நின்றார்.

“எந்த ஊரு?”

“வடபாதிக்குடிங்க.”

“புருஷன் பேரு?”

அந்தப் பெயரைச் சொன்னால் இங்கேயே இறக்கிவிடுவார்கள். வேறு பெயர் சொல்லலாம் என்றால் ஒரு பெயரும் வாயில் வரவில்லை.

“நாங்க பேரு சொல்ற வழக்கம் இல்லீங்க” என்றாள், தலையைக் குனிந்தபடி.

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். போலீஸ்காரரும் சிரித்துவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார். மன்னார்குடி போய்ச் சேரும்வரை அவள் தலையை நிமிர்த்தவில்லை.

தாலுகா ஆபீஸில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முதல் மேசையில் இருந்தவர் பாதி கேட்டதுமே கையை வீசி விரட்டினார். டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் நின்றாள். சாவித்திரி என்று யாரோ கூப்பிட்டதை வைத்துப் பெயர் தெரிந்தது.

“அம்மா, ஆட்சி போனா சட்டமும் போயிடுமா?”

சாவித்திரியின் விரல்கள் நின்றன. “அதெல்லாம் இங்க கேக்கக் கூடாது. போம்மா வெளியில” என்று சத்தமாகவே சொன்னாள்.

நீலாம்பாள் வாசல் குழாயடியில் வந்து உட்கார்ந்தாள். அழக்கூடத் தெம்பில்லை. சற்று நேரத்தில் சாவித்திரி ஒரு செம்பை எடுத்துக்கொண்டு குழாய்க்கு வந்தாள். தண்ணீரைத் திறந்துவிட்டு, அவள் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

“குடியிருப்பு மனைதானே? ஆளுங்கதான் போயிருக்காங்க. சட்டத்த யாரும் எடுக்கல. அத எடுக்கணும்னா தனியா உத்தரவு வரணும். இதுவரைக்கும் வரல. நாளைக்கு வருமான்னு கேட்டா எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.” செம்பு நிரம்பி வழிந்து அவள் புடவையை நனைத்தது. “நான் சொன்னேன்னு எங்கேயும் சொல்லிடாதம்மா. எனக்கும் குடும்பம் இருக்கு.”

வெள்ளிக்கிழமை டிராக்டர் வந்தது. முன்னால் நாகநாதன். பாதி வீடுகள் கூரை இல்லாமல் நின்றன. நீலாம்பாள் முந்தின சாயங்காலம் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள். சிலர் நம்பினார்கள், சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ராசம்மாள் நம்பவில்லை. ஆனாலும் வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

“சட்டம் இன்னும் இருக்குங்க” என்றாள் நீலாம்பாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள்.

“யாரு சொன்னா?”

“கேட்டுட்டு வந்தேன்.”

“யாருகிட்டன்னு கேக்குறேன்ல? பேர சொல்லு!”

குழாயடியில் நனைந்த புடவை அவள் கண்ணில் வந்தது. வாயை இறுக மூடிக்கொண்டாள். நாகநாதன் கிட்டே வந்தான். ஜீப்பை வரவழைக்கட்டுமா என்றான். புருஷனுக்கு ஆனதுதான் உனக்கும் என்றான். அவனுக்கு என்ன ஆனது என்று கேட்க வாய் துடித்தது. கேட்டால் உடைந்துவிடுவோம் என்று நின்றாள். ராசம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

கடைசியில் பஞ்சநதமே காரில் வந்தார். இறங்கவில்லை. பிரித்த கூரைகளையும் பிரிக்காத கூரைகளையும் பார்த்தார். வாசலில் நின்ற பெண்களைப் பார்த்தார். எதிரே அவருடைய வயலில் பாதி நெல் அறுபடாமல் முற்றிக் கிடந்தது. பயத்தில் இவர்களாகவே ஓடிவிடுவார்கள் என்று நினைத்திருந்தார் போலிருக்கிறது. மேலே யார் வருவார், என்ன கேட்பார் என்பது அவருக்கும் தெரியவில்லை.

“அறுப்பு முடியட்டும். பாத்துக்கலாம்” என்று நாகநாதனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

டிராக்டர் திரும்பிப் போனதும் நீலாம்பாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் ராசம்மாள் வீட்டில் கீற்றை மறுபடி ஏற்றினார்கள். கீழே இருந்து எடுத்துக் கொடுத்தது நீலாம்பாள்தான்.

பயம் அதோடு விட்டுவிடவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிடுவாள். அறுப்பு முடிந்தது, அடுத்த நடவும் வந்தது. அந்த உத்தரவு மட்டும் வரவேயில்லை. மருதையன் திருச்சி ஜெயிலில் உயிரோடு இருக்கிறான் என்பது ஆடி மாதத்தில்தான் தெரிந்தது. அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள்.

மறு வருஷம் எலெக்‌ஷன் அறிவித்த பிறகு அவனை விட்டார்கள். உடம்பு பாதியாகியிருந்தது. தெருமுனையில் வந்து நின்றவன் மேலே நடக்கவில்லை. தெருவை உழுதுவிட்டதாக ஜெயிலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பியே ஒரு வருஷத்தைக் கழித்திருந்தான். கூரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வாசலில் முறத்தோடு இருந்த நீலாம்பாள் எழுந்தாள்.

“என்னாய்யா பாத்துக்கிட்டு நிக்கிற?” என்றாள். “கால கழுவிட்டு உள்ள வா.”