தாளிக்கக் கூடாத ஞாயிறு

நெத்திலிக் கருவாட்டை எண்ணெயில் போட்டதும் நான் செய்த முதல் வேலை எக்ஸாஸ்ட் ஃபேனை அணைத்ததுதான். வாசம் வெளியே போய்விடக் கூடாது. அமெரிக்காவில், எங்கள் சுகர் லேண்டில் ஜன்னல் என்பது வேடிக்கை பார்க்க மட்டும். வருஷம் முழுக்க ஏசி ஓடும் வீடு. கீழே வறுத்தது மாடியில் க்ளாசெட்டில் தொங்கும் பட்டுப்புடவை வரை போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டட்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் பசுபதியின் வைன் க்ளப் வரப்போகிறது. பெரிய மூக்குள்ள மகராசன்கள், வரட்டும்.

இந்த க்ளப்பின் சட்டதிட்டத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். யார் வீட்டில் டேஸ்டிங்கோ அந்த வீட்டில் அன்றைக்குத் தாளிக்கக் கூடாது. சாம்பிராணி கூடாது, ஊதுபத்தி கூடாது, பெண்கள் தலையில் மல்லிகை கூடாது, வைனின் வாசம் கெட்டுவிடுமாம். போன முறை பல் டாக்டர் செழியன் வீட்டில் அவர் மனைவி பழக்க தோஷத்தில் சாமிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, வந்திருந்த ஆம்பளைகள் எல்லோரிடமும் ஸாரி கேட்டாள். என் காதால் கேட்டேன். எனக்கு அவள் மேலும் எரிச்சல், அவர்கள் மேலும் எரிச்சல். ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஊறுகாயை நக்கிக்கொண்டு எது கிடைத்தாலும் ஊற்றிக்கொண்டவர்கள்தானே இவர்கள்? இப்போது கிளாஸைச் சுழற்றி, கண்ணை மூடி, ‘மிட் பேலட்’ என்கிறார்கள், நடுநாக்கு ருசியாம். தூ.

அதிலும் என் வீட்டுக்காரரின் அலட்டல் தனி ரகம். முன்பெல்லாம் ரீஸ்லிங் என்று ஒரு வைனைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார். பீச் பழ வாசம், எலுமிச்சைப்பூ வாசம், நீயும் மோந்து பாரு வள்ளி என்று கிளாஸோடு அடுப்படிக்கே வருவார். போன வருஷம் அது அப்படியே நின்றுபோய், சில்வானர் என்று ஒரு ஜெர்மன் திராட்சையைப் பிடித்துக்கொண்டார். ஜெர்மனியிலேயே அதை ஒருவரும் சட்டை செய்வதில்லையாம். அதுதான் இவருக்குப் பெருமை. சிப்பி படிந்த சுண்ணாம்புக்கல் மண்ணில் வளர்கிறதாம், அந்தக் கல்லே நாக்கில் தெரியுமாம். புட்டி வேறு சப்பையாக, தொப்பை வைத்து இருக்கும். அந்தப் புட்டியின் ஜெர்மன் பெயருக்கு ஆட்டு விரை என்று ஒரு அர்த்தம் சொல்வார்கள் என்று இவரே வெட்கமில்லாமல் சொன்னார். எந்த ஸ்டாண்டிலும் நிற்காத அந்தச் சனியனுக்காக என் தோசை மாவு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்குப் போனது.

மாவு போனால் போகட்டும். அந்த வைன் வந்ததிலிருந்து இந்த மனுஷன் என் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் மீன்குழம்பு கொதிக்கும்போதே சட்டியோரம் வந்து நிற்பவர். இப்போது தட்டில் என்ன விழுகிறது என்றே பார்ப்பதில்லை. எதை வைத்தாலும் பக்கத்தில் ஊறுகாயைக் குவித்துக்கொண்டு, மருந்து மாதிரி விழுங்கிவிட்டு எழுந்துபோகிறார். ஒரு நாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடே புகையாக, பக்கத்திலேயே உட்கார்ந்து ஏதோ திராட்சைத் தோட்ட வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். கல்லை ருசிக்கிற நாக்குக்கு என் சமையல் இளக்காரமாகிவிட்டது என்று புரிந்துகொண்டேன். அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது, மறைக்க என்ன இருக்கிறது. இங்கிருந்து மூன்று மணி நேரம் தள்ளி, ரவுண்ட் ராக்கில் எனக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. மகள் ரோஷினி படிப்பதும் பக்கத்தில் ஆஸ்டினில்தான். அங்கேயே ஓர் அபார்ட்மெண்ட் எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று இவரிடமே கேட்டேன். “உன் இஷ்டம்” என்றார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

அதனால்தான் கருவாடு. கத்தட்டும், சண்டை போடட்டும், ஏன்டி இப்படிப் பண்ணினே என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். கேட்டால் நானும் கேட்பேன்.

ஐஸ் வாங்கப் போனவர் கராஜ் வழியாக நேரே அடுப்படிக்குள் வந்தார். வறுத்த சட்டியை மூடி வைத்துவிட்டுத் தயாராக நின்றேன். வாசம் கண்ணைக் கரித்தது. அவர் ஐஸ் பையைத் தொட்டியில் போட்டார்.

“க்ளாஸெல்லாம் தொடச்சாச்சா?”

அவ்வளவுதான். புட்டிகளை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். திட்டுவதற்குக்கூட நான் லாயக்கில்லை என்றால் அப்புறம் இந்த வீட்டில் நான் யார்? அந்த நிமிஷமே மனதுக்குள் பெட்டி கட்டிவிட்டேன்.

செழியன் வாசலிலேயே ஒரு கணம் நின்றுவிட்டார். பின்னால் வந்த அனிருத், க்ளப்புக்குப் புதுப் பையன், கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைப்பது போல மூக்கைத் துடைத்துக்கொண்டான். யாரும் வாயைத் திறக்கவில்லை. க்ளப்பில் மூத்தவர் வீடு, அவர் எதுவும் சொல்லவில்லை, நாம் எப்படிச் சொல்வது? அந்த மரியாதை மட்டும் ஊரிலிருந்து பத்திரமாக வந்திருக்கிறது. பசுபதி சிரித்த முகத்தோடு எல்லோருக்கும் ஊற்றினார். செழியன் கிளாஸுக்குள் மூக்கை விட்டார், வெளியே எடுத்தார், மறுபடி விட்டார்.

“ஒரு... ஸீ ப்ரீஸ் மாதிரி இருக்கு பசு. ஓஷன்.”

“எக்ஸாக்ட்லி. எனக்கும் அதான் வந்துச்சு,” என்றான் அனிருத். “டிரைட் ஷெல்ஸ். அந்த சிப்பிக்கல்னு சொன்னீங்களேண்ணா, அதுதானே?”

அடப்பாவிகளா! ஹாலைப் பார்த்த அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். தூத்துக்குடி நெத்திலியை ஜெர்மனியில் கண்டுபிடித்துவிட்டார்கள். எம்.எஸ். படித்தவன் ஒருத்தன், ஊர் வாயில் கை விடும் டாக்டர் ஒருத்தர். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் பசுபதி சொன்னார். “நல்லா மோந்து பாருங்க. இதுல இருக்கிற அழகே அதுதான். இன்னிக்கு வீட்ல ஒரு வாசமும் குறுக்க வராது. வள்ளி அடுப்பே பத்த வைக்கல.”

அனிருத் என்னைப் பார்த்தான். நான் அவரைப் பார்த்தேன். குத்தலாகச் சொல்கிறாரா என்று முகத்தில் தேடினேன். இல்லை. சாதாரணமாக, பெருமையாகச் சொல்கிறார். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. பால் தீய்ந்த புகையில் உட்கார்ந்திருந்த மனுஷன். ஊறுகாய். போன வருஷம் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்தது. அதற்குப் பிறகு ஒரு தடவையாவது கிளாஸை என் மூக்குக்கு நீட்டினாரா? நீட்டவில்லை.

அவர்கள் அன்று சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். கார் ஏறும்வரை ‘வாட் அ ஒயின், வாட் அ ஒயின்’ என்று சொல்லிக்கொண்டே போனார்கள். வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தவர் முன்னால் தட்டை வைத்தேன். சோறு, ஓரத்தில் கருவாடு.

“அட, கருவாடா? எப்ப வறுத்தே?”

“அவங்க வர்றதுக்கு முன்னாடி.”

சட்டியைப் பார்த்தார். ஹாலில் கிடந்த கிளாஸ்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“அந்தக் காய்ச்சல்லேர்ந்தா வாசம் தெரியல?” என்றேன்.

தலையாட்டினார். “டாக்டர் வரும்ன்னார். வரல.”

“அந்தக் கோமாளிங்களுக்குத் தெரியக் கூடாது, சரி. எனக்கு ஏங்க சொல்லல?”

“என்னன்னு சொல்றது? நீ நின்னு நின்னு வைக்கிற கொழம்பு எனக்குச் சுடுதண்ணியா இருக்குன்னா?”

“அதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல! ஒரு வருஷமா நான் என்னென்ன நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன், தெரியுமா?” கத்திவிட்டேன். இப்படியும் ஒரு மடையன் உண்டா? கோபம் குறையவே இல்லை, எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அவர் மீதி இருந்த வைனைக் கிளாஸில் ஊற்றினார். “மத்ததக் குடிச்சா என்ன போச்சுன்னு தெரியுது வள்ளி. பீச் இருந்த இடம் காலியா இருக்கு. இதுல பெருசா வாசமே கிடையாது. புளிப்பு, உப்பு, கல்லு, எல்லாம் நாக்குலயே இருக்கு. இது ஒண்ணுதான் எனக்கு முழுசா வருது.”

நான் கிளாஸை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். இத்தனை வருஷத்தில் அதில் வாய் வைத்ததில்லை. இடது கையால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தேன். சில்லென்று புளித்தது. அப்புறம் சிலேட்டை நக்கினால் இருக்குமே, அந்த மாதிரி ஒரு வறட்சி. அது போன பிறகு நாக்கோரத்தில் துளி உப்பு நின்றது.

“தெரியுதா?” என்றார், சின்னப்பிள்ளை கேட்பதுபோல.

மூக்கை விடாமலே அவர் தட்டிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்து வாயில் போட்டு மென்றேன். மொறுமொறுவென்று உடைந்தது. உப்புக் கரித்தது. கருவாடு எங்கேயும் இல்லை. நான் சரியாக மெல்லவில்லையோ என்று, கையை எடுக்காமல் இன்னொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.