மீசை முளைத்த மாமி

கொல்கத்தா லேக் கார்டன்ஸில் ரஞ்சனுக்கு இருந்தது ஒரே சமையலறை. சாப்பாடு ஆர்டர் செய்யும் ஆப்பில் தேடினால் இரண்டு கடை! ‘காமு மாமி அடுப்பு’: வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. ‘முறுக்கு மீசை மிலிட்டரி’: ஆட்டுத்தலை வரை உண்டு. காமு மாமி என்று ஒரு ஜீவன் பிறக்கவே இல்லை. இரண்டுக்கும் பன்னீர்செல்வம்தான் சமையல். கரண்டிகூட ஒன்றே.

கல்லாவில் மூன்று ஆப்புக்கு மூன்று டேப்லெட். எப்போதோ ஓர் ஆர்டர் தவறியதற்காக மேனேஜர் மாதங்கியைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டு, மூன்றிலும் சத்தத்தை உச்சத்தில் வைத்து, சத்தத்தைக் குறைக்கும் பட்டன்மேல் செலோ டேப் ஒட்டியிருந்தான் ரஞ்சன். அவனுடைய மகத்தான நிர்வாகம் அது.

போன் வந்தது. வெங்கடநாராயணன். மகளுக்குச் சீமந்தம்; எழுபது இலை. காமு மாமி பெயரைச் சொல்லி ரஞ்சன் ஒரு வாரமாகக் குழைந்து கொண்டிருக்கும் ஆர்டர்.

“ஏண்டாப்பா, மேல் மாடி பெங்காலி மாமி, ஸ்மிதா பௌதிக்கு மிலிட்டரி பிரியாணி வந்ததே, அந்த ஸ்கூட்டர் உன் வாசல்லேர்ந்துதான் கிளம்பித்தாம். ஆப்புல காட்டினா.”

“சிவசிவ! அது பக்கத்துக் கட்டடம், மாமா. நம்ம வாசல்ல முட்டை ஓடுகூட விழாது.”

“மாமியைக் கூப்பிடேன்.”

“பூஜையில இருக்கா.”

“சரி, லைன்லயே இரு. பௌதி, நீங்க ஒவ்வொரு ஆப்புலயும் மிலிட்டரிக்கு ஆர்டர் போடுங்கோ.”

வீல்! முதல் டேப்லெட் அலறியது. திரையில் மட்டன் சுக்கா. மாதங்கி பாய்ந்து திரையை அமுக்கி நிறுத்தினாள்.

“என்னடா சத்தம்?”

“ரோட்டுல ஆம்புலன்ஸ், மாமா.”

டிங்! டிங்! டிங்! இரண்டாவது. மறுபடி மட்டன் சுக்கா.

“மாமி மணி அடிக்கறா!” என்று சமாளித்தான் ரஞ்சன். மூன்றாவது டேப்லெட் மணியடிக்காது. பேசும். டேப்பை நகத்தால் பிராண்டினான். வரவில்லை. உறுதியாக ஒட்டியவன் அவனேதான்.

“மாதங்கி, அந்த டேப்பைப் பிடுங்கித் தொலை!”

“தொட்டா சம்பளத்துல பிடிப்பேன்னு சொன்னீங்களே, சார்.” அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

டேப்லெட் தேன் குரலில் கூவியது: “முறுக்கு மீசை மிலிட்டரிக்குப் புதிய ஆர்டர்!”



“ஏண்டா ரஞ்சன்,” என்றார் வெங்கடநாராயணன் நிதானமாக, “பூஜையில இருந்த மாமிக்கு அதுக்குள்ள மீசை முளைச்சுடுத்தா?”

“மாமா, அது வந்து...”

“எழுபது இலையையும் வேற இடத்துல போட்டுக்கறேன். மாமிக்கு முதல்ல ஒரு ஷேவிங் செட் வாங்கிக் குடு.”

லைன் செத்தது. மூன்றாவது டேப்லெட் மட்டும் விடாமல் கூவிக்கொண்டே இருந்தது.